மூன்று நாள் ஊர்சுற்றலும் பக்கத்து வீட்டுக் கோழிக்கறியும்

முப்பதாவது திருமண நாளுக்குச் சிங்கப்பூர் போய் வாருங்கள் என்று மகன் சொன்னான். அவன் மெல்பேர்னில் இருக்கிறான். அங்கிருந்து பார்த்தால் சிங்கப்பூர் பக்கத்து ஊர் போலத் தெரியுமாக்கும். என் மனைவி சரோஜா, "பஸ்ஸுல ஏறி ரெண்டு மூணு மணித்தியாலத்துல போய்ச் சேர்ற எடமாப் பாருங்க. சாப்பாடு நல்லா இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள். ஆகவே பதுளையில் குடியிருக்கும் நாங்கள், பதுளை மாவட்டத்துக்குள்ளேயே மூன்று நாள் சுற்றுலா போய் வந்தோம். கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. குடை தேவைப்பட்டது.

நான் யாழ்ப்பாணத்தான். மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞர் வேலை கிடைத்துப் பதுளைக்கு வந்தவன், இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். சரோஜா நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்து, படித்து ஆசிரியையானவள். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்திருக்கலாம். அது பழைய கதை.

புதிய கதை வேறு. கொக்குவிலில் எங்கள் அப்பா அம்மா வீட்டில் இருக்கும் அக்கா, கனடாவில் மகளுடன் இருக்கப் போகிறா. வீட்டுக்கு நாங்கள் இருவரும் வந்துவிட வேண்டுமாம். வராவிட்டால் வேறு ஆட்களைக் குடிவைத்துவிடுவாவாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லிவிடு என்றிருந்தா. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு. பேச்சு என்றால் நான் பேசுவேன். கிணற்றடி, முற்றத்து மாமரம், கோவில் தேர் என்று அடுக்குவேன். சரோஜா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "ஒங்க இஷ்டங்க" என்பாள். போக விருப்பமா இல்லையா என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மிச்சமிருக்கும் வாழ்நாளை எங்கே கழிப்பது என்பது என் ஒருவனின் இஷ்டமாக வந்து விழுந்தது எனக்கு அவ்வளவு சௌகரியமாக இல்லை.

பயணத்துக்கு ஒரு சட்டம் போட்டோம். மூன்று நாளும் யாழ்ப்பாணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால், அன்றைய சாப்பாட்டில் மற்றவர் கேட்கிற பண்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். சட்டம் போட்டவள் சரோஜா.

வெள்ளிக்கிழமை காலை, புறப்படுவதற்கு முன் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டுச் சேலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டில் ரஹீமா தாத்தா இருக்கிறார். இங்கே முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். "கோழியெல்லாம் தாத்தா பாத்துக்குவாங்க" என்றாள் சரோஜா. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஐந்து கோழிகள் உண்டு. பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றபின் அவளுக்குப் பொழுதுபோக்கு அதுதான். சரி என்று பையைத் தூக்கினேன்.

ஹல்துமுல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி ரோட்டை மூடியிருந்தது. நாங்கள் தங்கப்போகும் இடம் பழைய தோட்டத் துரையின் பங்களா. இப்போது விடுதியாகிவிட்டது. அதற்கு ஏறும் பாதை நேரே வானத்துக்குப் போவது போல் இருந்தது. பாதி வழியில் முச்சக்கர வண்டி முக்கி நின்றுவிட்டது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, அம்மா இருக்கட்டும், ஐயா மட்டும் இறங்கி நடந்தால் வண்டி ஏறிவிடும் என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். சரோஜா பைகளோடு ஏறிப்போனாள். நான் பின்னால் மூச்சுவாங்கிக்கொண்டு நடந்தேன். கச்சேரிக் கதிரை என் உடம்புக்குச் செய்த உபகாரம் அன்றுதான் அளந்து காட்டப்பட்டது.

இரவுச் சாப்பாடு துரைமார் காலத்து முறைப்படி ஒவ்வொன்றாக வந்தது. முதலில் லீக்ஸ் சூப். அடுத்தது பொரித்த கோழியும் வெண்ணெயில் வதக்கிய போஞ்சியும். கடைசியில் கெரமல் புடிங். கோழி நன்றாகவே இருந்தது. ஆனால் சூப் வருவதற்கும் கோழி வருவதற்கும் இடையில் எங்கள் ஊரில் ஒரு பந்தியே சாப்பிட்டு எழும்பிவிடும். அதை நான் வாய்விட்டுச் சொன்னதுதான் பிழை.

"எங்கட ஊர் எண்டா எந்த ஊரு?" என்று என் பேச்சிலேயே கேட்டாள் சரோஜா.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனான்."

"சட்டம்னா சட்டந்தாங்க. புடிங்கக் குடுங்க."

கொடுத்துவிட்டேன். இரண்டு புடிங்கையும் அவள் நிதானமாகச் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் நான் நண்டுக்கறி சமைத்துக் கொடுத்தபோதுகூட அவள் இவ்வளவு ரசித்துச் சாப்பிட்டதில்லை.

மறுநாள்தான் திருமண நாள். காலைச் சாப்பாட்டு அட்டையில் 'கொழுந்து பறிப்போரின் பாரம்பரியக் காலை உணவு' என்று ஒன்று போட்டிருந்தது. ஆசையாகச் சொன்னோம். பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு ரொட்டி, ஓரத்தில் ஒரு தேக்கரண்டி கட்டச்சம்பல், மேலே ஒரு தேயிலைக் கொழுந்து. சரோஜா ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதத் தின்னுட்டு மலைக்குப் போனா பத்து மணிக்கே மயங்கி விழுந்துருவாங்க. எங்கம்மா சுடுற ரொட்டி ஒண்ணு இதுல நாலு."

பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் சிரித்துவிட்டார். அவரும் தோட்டத்துப் பக்கம்தான் போலும். "வெளிநாட்டுக்காரவுகளுக்கு இதே அதிகங்க. போட்டோ புடிச்சிட்டுப் பாதிய வச்சிட்டுப் போயிருவாக" என்றவர், உள்ளே போய் கனமாக இரண்டு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து வைத்தார். சம்பல் அம்மியில் அரைத்தது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் மாசிக் கருவாடும் கண்ணில் தண்ணீர் வர வைத்தன. அந்த மூன்று நாளில் விடுதியில் சாப்பிட்டதில் அதுதான் முதலிடம். அட்டையில் இல்லாத சாப்பாடு.

பகல் கொஸ்லந்தைப் பக்கம் அருவி பார்க்கப் புறப்பட்டோம். பஸ் பாதி வழியில் கருகிய வாசத்தோடு நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது ஆறும்வரை தேத்தண்ணி குடியுங்கள் என்று சிங்களத்தில் அறிவித்தார். ஒருவரும் கோபப்படவில்லை. பக்கத்தில் ஒரு பெண் பெரிய அண்டாவில் சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் அவித்த சோளத்தைச் சுடச்சுடக் கடித்தோம். யாழ்ப்பாணத்தில் பஸ் இப்படி நின்றிருந்தால், இந்நேரம் ஓட்டுநருக்குப் புத்தி சொல்ல நான்கு பேர் சக்கரத்தடியில் இருந்திருப்பார்கள். இதை நான் மனதுக்குள் மட்டும் நினைத்தேன். என் சோளத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்கு ஊர் மீரியபெத்த. அங்கே மலைமண் சரிந்து வீடுகளை மூடிய பிறகு வேறு இடத்தில் வீடு கொடுத்திருக்கிறார்கள். சரோஜா டீச்சர் என்று தெரிந்ததும் அந்த அம்மா தாராளமாகப் பேசினார்.

"புது வீடு எப்பிடிங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள் சரோஜா.

"நல்ல வீடுங்க டீச்சர். கொற சொல்லக் கூடாது. கரண்டு, தண்ணி, கக்கூசு எல்லாம் தனித்தனியா இருக்கு." சோளத்தைக் கடித்து மென்று முடித்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். "வந்த புதுசுல, சாமான் ஒண்ணு எடுக்க இருட்டுல எந்திரிச்சா செவுத்துல போய் முட்டிக்குவேன். பழைய வீட்டுல கதவு இருந்த பக்கம் நடந்துருவேங்க."

சரோஜா அந்த அம்மாவுக்கு இன்னொரு சோளம் வாங்கிக் கொடுத்தாள். பஸ் ஆறி, எல்லோரும் ஏறி, அருவியைப் போய்ப் பார்த்தோம். உயரமாக இருந்தது. நிறைய பேர் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் ஒன்று எடுத்தோம். அதில் அருவி விழவில்லை. எங்கள் இரண்டு தலைகளும் ஒரு குடையும் விழுந்திருக்கின்றன.

ஞாயிறு, திரும்பும் வழியில் நமுனுகுலவில் இறங்கினோம். சரோஜாவின் அண்ணன் செல்வராஜ் இன்னும் அதே தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு நடக்கிற அந்தத் தூரத்துக்குள் சரோஜாவின் நடை மாறிவிடும். குரல் ஏறும். என்னோடு பேசிப் பேசி அவள் நாக்கில் ஒட்டிக்கொண்ட யாழ்ப்பாணத் தமிழ் முழுதாகக் கழன்றுவிடும். இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்கும் எனக்கு அது வேடிக்கைதான்.

"வாங்க மாப்பிள்ள, வாங்க. என்னா, வயிறு மட்டும் முன்னால வருது?" என்றார் செல்வராஜ்.

"உங்கட தங்கச்சியின்ர கைப்பக்குவம்" என்றேன்.

சாப்பாடு தரையில் பாய் போட்டு. சோறு, பருப்பு, கோவா வறை, கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய், அதோடு அண்ணி வளர்த்த சேவலின் கறி. விருந்து வந்தால் வளர்த்ததைத்தான் அடிப்பார்கள். கடைக் கோழி வைத்தால் கௌரவக் குறைவு. மிளகு தூக்கலாக, மூக்கு ஒழுகச் சாப்பிட்டோம். சேவலைப் பற்றிப் பேச்சு எடுத்த செல்வராஜ், அப்படியே சித்தப்பா வீட்டுக் கதைக்குப் போய்விட்டார்.

அவர்களுடைய சித்தப்பா குடும்பம் சரோஜா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இரு நாட்டு அரசாங்க ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. அப்போது மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்களாம். ஸ்டேஷனே ஒப்பாரி வைக்குமாம்.

"பாத்திரம் பண்டத்தக் கட்டிரலாம். கோழிய எங்க கட்டுறது? கோச்சியில ஏத்த முடியாதுல்ல. தெனம் ரெண்டு மூணா அடிச்சு லயத்துக்கே போட்டாங்க மாப்பிள்ள. எங்களுக்கெல்லாம் தீவாளிதான். யாரு வீட்டுல கோழியக் காலி பண்ணுறாங்களோ, அவங்க கெளம்பப் போறாங்கன்னு அர்த்தம். கேக்கவே வேணாம்."

"கடைசி ஒண்ணு மட்டும் பிடிபடல" என்றாள் சரோஜா, தட்டைப் பார்த்தபடி.

"ஆமா, ஒரு செவலைக் கோழி. அவங்க போன பொறவு, பூட்டிக் கெடந்த காம்பறா வாசல்லயே வந்து வந்து படுத்துக்கும். வேற யாரு சோறு போட்டாலும் தின்னுட்டு அங்கதான் போவும்."

காம்பறா என்பது லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற அறை. செல்வராஜ் வீடும் அப்படி இரண்டு காம்பறாவைச் சேர்த்துக் கட்டியதுதான். அண்ணி பேச்சை மாற்றுகிறவள் போல, "ஆடிப் பூசைக்கு வருவீங்கல்ல சரோ? இந்தத் தடவ கரகம் நம்ம லயத்துல இருந்துதான்" என்றாள். சரோஜா, "இன்னும் கொஞ்சம் சோறு வைங்க அண்ணி" என்றாள். எனக்குத் தெரிந்து அவள் இரண்டாவது தரம் சோறு கேட்கிற ஆள் இல்லை.

புறப்படும் நேரம். இங்கே ஒரு வழக்கம் உண்டு, வந்தவளை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் கீரைக்கட்டு, பலாக்கொட்டை, சௌசௌ, பட்டர் புரூட் என்று ஒரு உரப்பை நிறையும். அதைச் சுமப்பது என் வேலை. வேண்டாம் என்று நான்தான் முணுமுணுப்பேன். சரோஜா இன்னும் ஒரு பை கேட்டு வாங்குவாள். அன்றைக்கும் அண்ணி பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"வேணாம் அண்ணி. நீங்களே வச்சுக்குங்க" என்றாள் சரோஜா.

"ஏன்டி? வழக்கமா கொண்டு போறதுதானே?"

"பரவால்ல அண்ணி. யாரு சாப்பிடப் போறா?"

சொல்லிவிட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாதாரணமாக விடைபெறுகிற நேரத்தைவிட அதிக நேரம். நான் அந்தப் பையையும் அவள் கைகளையும் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. வேறு சொல் தேடத் தேவையில்லை, பயம்தான். இவள் இங்கே ஒவ்வொருவராகப் பார்த்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறாள், நான் புடிங் போய்விட்டதே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டு, லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம் இறங்கி, தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்ன தம்பி, முடிவெடுத்திட்டியளோ?"

"ஓம் அக்கா. நாங்கள் வரமாட்டம். நீங்கள் ஆக்களைப் பாருங்கோ."

"ஏன், அவ மாட்டன் எண்டு சொல்லிப் போட்டாவோ?"

"இல்லை அக்கா. அவ ஒண்டுமே சொல்லேல்லை. அதுதான்."

"உனக்கு வர விருப்பம் எல்லே?"

"விருப்பம்தான்" என்றேன். அது உண்மை. கொக்குவில் வீட்டு மாமரத்தில் எந்தக் கொப்பில் எறும்பு, எதில் இல்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் சரோஜா இருட்டில் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வாள் என்பதையும் நான் பார்க்க வேண்டி வரும். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. மாம்பழக் காலத்துக்கு வருவோம், அதுவரை வீட்டைக் கவனமாகப் பார்க்கிற ஆட்களுக்குக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன். மனம் கனத்துத்தான் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கும்போது கொஞ்சம் லேசாகியது.

சரோஜாவிடம் உடனே சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, திருமண நாள் பரிசாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் எனக்குள் ஒரே கொண்டாட்டம். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, பசறை வரை தேயிலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக் கதவைத் திறந்து விளக்குப் போடுவதற்குள் ரஹீமா தாத்தா ஒரு மூடிய பாத்திரமும் சொதியோடு இடியப்பத் தட்டுமாக வந்துவிட்டார்.

"சமைச்சுட்டு ஈக்க வேணாம். கல்யாண நாளுக்கு நம்மட கையால ஒரு கறி. சூடா ஈக்கு, உடனே தின்னுங்க" என்று மேசையில் வைத்துவிட்டு, சரோஜாவின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

கோழிக்கறி. தேங்காய்ப்பால் விட்டு, ரம்பை இலையும் ஏலக்காயும் போட்டு, நிறம் இறங்கச் சுண்டவைத்தது. துரை பங்களாக் கோழியையும் அண்ணி வீட்டுச் சேவலையும் ஒரே வாயில் தோற்கடித்துவிட்டது. மூன்று நாள் மலை மலையாக ஏறி இறங்கித் தேடிய சாப்பாடு வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. இதைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். சரோஜா இடியப்பத்தைச் சொதியில் மட்டும் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீர் ஏன் கறி போடேல்லை?"

"வேணாங்க."

கை கழுவப் பின்பக்கம் போனவன் கூட்டைப் பார்த்தேன். திறந்து கிடந்தது. தவிட்டுச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்ணீர்ப் பாத்திரமும் கவிழ்த்திருந்தது. மூன்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தவர்கள் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கமாட்டார்கள். செல்வராஜ் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே வந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள், "எப்படியும் போறதுதானேங்க. கொண்டு போக முடியாது. நானே அறுக்கவும் மாட்டேன். அதான் தாத்தாகிட்ட குடுத்துட்டேன்."

"வெள்ளிக்கிழமையே?"

"நீங்க ஒவ்வொரு நாளும் அந்த மாமரத்தப் பத்திச் சொல்லுறப்ப ஒங்க மொகத்த நீங்க பாத்ததில்ல."

என் பரிசை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "சரோ, நான் அக்காவுக்கு வரமாட்டம் எண்டு சொல்லிப்போட்டன். மத்தியானமே சொல்லியாச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த கறிப் பாத்திரத்தைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரண்டும்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். என் சட்டையில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதாங்க?"

"சட்டம் போட்டது ஆர்?"

"காலையில போய் மிச்சக் கோழியக் கேட்டுட்டு வாங்க. குடுத்ததத் திருப்பிக் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

ஆக, வெட்கப்படுகிற வேலை எனக்கு. விடிந்ததும் கூடையோடு வேலிக்கு அந்தப் பக்கம் போனேன். நாங்கள் போகவில்லை என்று கேட்டதும் ரஹீமா தாத்தா இரண்டு கையையும் உயர்த்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். அடுத்த கணமே கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ், ஒண்ண அறுத்துட்டேனே தம்பி!"

"பரவாயில்லை தாத்தா. நல்ல ருசி."

"இந்த நாலும் போட்ட எடத்துல அடங்கி ஈந்திச்சு. அந்த ஒண்ணு மட்டும் கேக்கல்ல. எத்தன தரம் புடிச்சு அடைச்சாலும் வேலியத் தாண்டி ஒங்கட கூட்டு வாசல்லயே போய் நிக்கிது. நாய் கவ்விட்டுப் போறதுக்கு முன்ன நம்மளே அறுத்துப் போடுவோம்னுதான்…"

நான்கு கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து கூட்டில் விட்டேன். சரோஜா சட்டியை நிமிர்த்தித் தவிடு பிசைந்து வைத்திருந்தாள். கோழிகள் மூன்று நாள் எங்கேயும் போகாதது போலக் கொத்தத் தொடங்கின. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கெடுத்தாள்.

"செவலயக் காணோம். எதுக்கு அத அறுத்தாங்களாம்?"

தாத்தா சொன்னதை இங்கே எழுதிவிட்டேன். நான் எழுதுவதையெல்லாம் அவள் வாசிப்பதில்லை என்ற தைரியம்தான். அவளிடம் அப்போது, "முட்டை போடுறதை நிப்பாட்டிப் போட்டுதாம். வயசாகிட்டுது எண்டு பாத்து அறுத்தவவாம்" என்றேன்.

"ஆமா, அதுக்கும் வயசாயிருச்சு" என்றாள் சரோஜா. மிச்சத் தவிட்டை வழித்துப் போட்டுவிட்டு, கூட்டின் கதவைத் திறந்தபடியே விட்டு வந்தாள்.